முதுகில் காசிமாயன்

வியாழக்கிழமை காலை, பத்து மணி டீக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கட்டு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் வந்து விழுந்தது. நீல நிற டி-சர்ட், இருநூறு பீஸ். செல்லத்தாய் மேலே கிடந்த ஒன்றை எடுத்து, வழக்கம்போலக் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள், தோள் தையலைப் பார்த்தாள், பக்கத் தையலை இழுத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டாள். முதுகில் வெள்ளை எழுத்தில் அவள் புருசன் பெயர் இருந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் பதினாறு வருசமாக லேபிளையும் சைசையும் பார்த்துப் பழகிய கண் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிவிடும். கே, ஏ, எஸ், ஐ. அதற்கு மேல் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. காசிமாயன். கீழே பெரிதாக நாலாம் நம்பர். செல்லத்தாய்க்குக் குபீரென்று பற்றிக்கொண்டது.

பற்றாதா பின்னே? பெற்றவள் இவள். ஒன்றரை ஷிப்ட் நின்று, கால் வீங்க வீங்க வேலை பார்த்து வளர்த்தவள் இவள். அவன் என்ன செய்தான்? ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, "ஆயில் மாத்திட்டு வாரேன்" என்று லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு மண்ணரை வீட்டை விட்டுக் கிளம்பினான். போனவன் அவிநாசிபாளையத்தில் சித்ராதேவி என்கிறவள் வீட்டில் போய் நின்றான். அந்த வண்டிக்கு இன்னும் ஆயில் மாற்றி முடியவில்லை போலிருக்கிறது.

விசயம் இதுதான். காட்மாண்டுவில் அக்கம்பக்கத்து நாடுகளுக்குள் பெண்கள் கால்பந்துக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. இந்தியா, நேபாளம், வங்கதேசம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு என்று ஆறு நாடு. அதில் இந்தியாவுக்கு வலது பக்கத் தடுப்பில் நிற்கிற நாலாம் நம்பர் பெண் நாகஜோதி, செல்லத்தாயின் ஒரே மகள். பூட்டானைத் தோற்கடித்து, அரையிறுதியில் வங்கதேசத்தையும் தாண்டி வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் நேபாளத்தோடு இறுதி ஆட்டம். கம்பெனியே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. முதலாளி செல்வக்குமார், டைனிங் ஹாலில் பெரிய திரை கட்டி எல்லோருக்கும் ஆட்டம் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு நீல டி-சர்ட்டும் அவர் யோசனைதான். டிவியில் எப்படி வருகிறதோ அச்சு அசல் அப்படியே இருக்க வேண்டும் என்று பிரிண்டிங்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். டிவியில் நாகஜோதியின் முதுகில் அவள் அப்பன் பெயர்தான் வந்தது.

பக்கத்து டேபிள் மருதாள், சேவூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள், ஒரு பீசை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். "ஏனுங்க்கா, உங்கூட்டுக்காரரு பேரு ஆறு நாட்டுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. எம்பட பேரு ரேசன் கார்டுல கூட ஒழுங்கா வரலீங்க" என்றாள்.

"சும்மா கெடக்க மாட்ட?" என்று செல்லத்தாய் எரிந்து விழுந்தாள். கம்பெனியில் காசிமாயனின் கதை தெரிந்தது மருதாள் ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கு அவன் 'வெளியூர்ல வண்டி ஓட்டுறாரு'. ஒன்பது வருசமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

பேக்கிங்கில் இருக்கிற ஒடிசாப் பையன்கள் வேறு அவள் உயிரை எடுத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெண்ணின் பெயரே அதுதான். "தீதி! உங்க பொண்ணு காஷிமாயன் சூப்பர்!" என்று தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்குவார்கள். "அது அப்பா பேருப்பா, புள்ள பேரு நாகஜோதி" என்று இவள் முதலில் பொறுமையாகத்தான் சொன்னாள். "ஆமா தீதி, காஷிமாயன்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள். ஆனால் லிப்ட் பக்கம் போகும்போதெல்லாம் "காஷி-மாயன்! காஷி-மாயன்!" என்று அவர்கள் தாளம் போடுவது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது மாதிரி இருந்தது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்தப் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்ததே இவள்தான்.

நாகஜோதிக்குப் பதினேழு வயதில் முதல் வெளிநாட்டு ஆட்டம் வந்தபோது பாஸ்போர்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், "சர் நேம் என்னங்க?" என்று கேட்டாள். அப்படியென்றால் என்னவென்று இவளுக்குத் தெரியவில்லை. "கடைசிப் பேருங்க. குடும்பப் பேரு மாதிரி. நம்மளுக்கெல்லாம் அது இல்லீங்க, சும்மா வேணாலும் உட்டுக்கலாம். உங்க பேரு வேணாலும் போட்டுக்கலாம்" என்று அந்தப் பெண் நல்ல விதமாகத்தான் எடுத்துச் சொன்னாள். செல்லத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்பன் பேரில்லாத புள்ளையாம்மா இது? இனிசியல் கா தானே? காசிமாயன்னு முழுசாப் போடு" என்றாள். தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று எவளும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது, அதுதான் அவள் எண்ணம். நம் ஊரில் ஒற்றை எழுத்தாக ஓரத்தில் நிற்கிற அப்பன், கடல் தாண்டினால் முழுப் பெயராக முதுகில் ஏறிக்கொள்வான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ் பெண் மதுமதி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அவிநாசிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். "அக்கா, இதைப் பாருங்களேன்! எங்கூருல உங்க ஊட்டுக்காரரு பிளக்ஸ் வெச்சிருக்காருங்க!"

செல்லத்தாய் பார்த்தாள். 'இந்தியாவின் தங்க மகளே வருக' என்று பெரிய எழுத்து. மூலையில் நாகஜோதி, யாரோ எடுத்த மங்கலான போட்டோவில், தபால்தலை அளவுக்கு. நடுவில் ஆள் உயரத்துக்குக் காசிமாயன், கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை. 'இவண்: வீராங்கனையின் தந்தை.'

"நோகாம நொங்கு திங்கிறான் பாரு" என்று வாய்க்குள்ளேயே முனகினாள். மதுமதிக்கு அது கேட்கவில்லை. "சாருகிட்டயும் காட்டினனுங்க. இத்தனை பக்கத்துல இருக்காரேன்னு பிளக்ஸ்ல இருந்த நம்பருக்குச் சாரே போன் பண்ணி ஞாயித்துக்கெழமைக்குக் கூப்பிட்டுட்டாருங்க. சால்வையெல்லாம் போத்தறாங்களாமா!" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சால்வை. அவனுக்கு. செல்லத்தாய் கையிலிருந்த டி-சர்ட்டை மேசையில் ஓங்கி அடித்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை என்று சொன்னால் நம்புங்கள். அவன் சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும், பின்னால் எங்கேயோ தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தான் நிற்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. புருசன் போனபோதுகூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை. சித்ராதேவி எடுத்துக்கொண்டது புருசனைத்தான். இவன் எடுத்துக்கொள்ளப் பார்ப்பது பிள்ளையை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, சாப்ட்டியா?"

"என் சாப்பாடு கெடக்கட்டும். ஏத்தா ஜோதி, அந்த முதுகுப் பேரை மாத்த முடியாதா? ஞாயித்துக்கெழமை ஒருநாளைக்கு மட்டுமாச்சும் உன் பேரைப் போடச் சொல்லு."

"பாஸ்போர்ட்ல இருக்கறதைத்தாம்மா போடுவாங்க. நடுவுல மாத்த முடியாது."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தாம்மா." பிறகு, ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அப்பா மேட்ச்சு பாக்குறாரா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? அந்தாளு பக்கத்துலயா நான் உக்காந்திருக்கேன்?" என்று வெடுக்கென்று சொல்லி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், நல்லா ஆடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உறுத்தியது. அந்த உறுத்தலும் சேர்ந்து அவன்மேல்தான் கோபமாகத் திரும்பியது.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பீசில் எங்கே குறை இருக்கிறதோ, தையல் விட்டிருக்கிறதோ, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதோ, அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியது பேக்கிங்குக்குப் போகாது. செக்கர் ஒட்டினால் ஒட்டினதுதான், சூப்பர்வைசரே கேள்வி கேட்க யோசிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மருதாள் வேனுக்குப் போன பிறகு, செல்லத்தாய் ஸ்டிக்கர் ரோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பீசில் 'கே' எழுத்துக்கு நேராக ஓர் அம்பு. இரண்டாவதில் ஓர் அம்பு. இருநூறு பீசுக்கும் ஒட்டி முடித்தபோது மனசு கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. ரோல் தீர்ந்துபோயிருந்தது.

சனிக்கிழமை காலையில் செல்வக்குமாரே டேபிளுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். ஒரு பீசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"ஏனுங்க செல்லத்தாயக்கா, அத்தனை பீசுலயும் ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கறீங்க? என்ன டேமேஜுங்க? எனக்குத் தெரியலீங்களே."

"பேரு டேமேஜ் மொதலாளி."

"ஸ்பெல்லிங் தப்புங்களா?"

"பேரே தப்பு."

அவர் முழித்தார். மருதாள் இடையில் புகுந்து, "போச்சாது உடுங்க்கா" என்று கையைப் பிடித்தாள். செல்லத்தாய் கையை உதறினாள். ஒன்பது வருசம் வெளியூரில் வண்டி ஓட்டிய புருசனை அன்றைக்கு, அத்தனை பேர் காது கேட்க, ஒரேயடியாக இறக்கிவிட்டாள். "அவன் போயி ஒம்பது வருசம் ஆச்சு மொதலாளி. பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடக்கூட வரல. புள்ளைக்குக் கணுக்கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, ஆள் விட்டுச் சொன்னேன், எட்டிப் பாக்கல. அவ ஓடுறப்ப எந்தக் காலை முன்னால வைப்பான்னு அவனுக்குத் தெரியுமா? அந்தப் பேரை ஊரெல்லாம் மாட்டிக்கிட்டுத் திரியணுமா? நானும் மாட்டிக்கணுமா?"

மதுமதி ஆபீஸ் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செல்வக்குமார் டி-சர்ட்டை மெதுவாக மடித்து வைத்தார்.

"எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க்கா" என்றார். "தெரிஞ்சிருந்தாக் கூப்புட்டிருக்கவே மாட்டனுங்க. ஆனா நானே வாயால வாங்கன்னு சொல்லிட்டு, இப்ப வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது? ஒண்ணு பண்ணலாமுங்க. உங்களுக்கும் ஒரு சால்வை சொல்லிடறனுங்க."

உங்களுக்கும்! அந்த 'உம்' இருக்கிறதே, அதில்தான் செல்லத்தாய் நொறுங்கிப்போனாள். அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் முதல் சால்வை அவனுக்கு. அதோடு சேர்த்து இவளுக்கும். வாணலியில் மிச்சமிருந்தால் உனக்கும் ஒரு கரண்டி என்கிற மாதிரி.

ஸ்டிக்கரையெல்லாம் மருதாளும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து உரித்தார்கள். செல்லத்தாய் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டைனிங் ஹால் முழுக்க நீலமாக இருந்தது. திரும்பிய பக்கமெல்லாம் காசிமாயன். தண்ணீர் குடிக்கிற காசிமாயன், செல்பி எடுக்கிற காசிமாயன், ஒடிசாக் காசிமாயன், பீகார்க் காசிமாயன். செல்லத்தாய் மட்டும் பழைய மஞ்சள் சேலையில் வந்திருந்தாள். முன்வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் போய் ஒன்றில் உட்கார்ந்தாள். ஓடி ஒளிய நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு வீம்புதான்.

அவன் வந்தான். முடிக்குச் சாயம் அடித்திருந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. யாரோ கொடுத்த நீல டி-சர்ட்டை வெள்ளைச் சட்டைக்கு மேலேயே மாட்டியிருந்தான். தன் பெயரைத் தானே முதுகில் சுமந்துகொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நல்லாருக்கியா?" என்றான், ஏதோ முந்தாநாள் பார்த்துவிட்டுப் போனவன் போல.

அவள் திரையையே பார்த்தாள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிசம் ஆகியிருக்கும். அவன் இந்தப் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இதுல எது நம்ம புள்ள?" என்று கேட்டான்.

செல்லத்தாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு முதுகும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். இருபத்திரண்டு பேரும் எறும்பு மாதிரி தெரிகிற தூரத்திலும், வலது தோளைச் சற்று இறக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தை வைத்து அவள் சொல்லிவிடுவாள். கேமரா கிட்டே போனதும் அவனே எழுத்தைக் கூட்டி வாசித்துக் கண்டுபிடித்துவிட்டான். "அந்தா! அந்தா நம்ம பேரு!" என்று நாற்காலியில் துள்ளினான். பிள்ளையைத் தன் பெயரை வைத்து அடையாளம் கண்டுபிடித்த அப்பனை அன்றைக்குத்தான் உலகம் பார்த்திருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு முறை பந்து வலது பக்கம் போகும்போதும் டிவிக்காரன் "காசிமாயன்" என்றான். ஹாலே "காசிமாயன்!" என்றது. இவன் எழுந்து பின்னால் திரும்பிக் கையை ஆட்டினான். நாற்பது தடவையாவது ஆட்டியிருப்பான். ஒவ்வொரு தடவையும் செல்லத்தாய் முந்தானை நுனியை முறுக்கினாள்.

இடைவேளையில் மதுமதி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்குக் குற்ற உணர்ச்சி. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாள். "அக்கா, பத்தாம் நம்பரும் நம்ம தமிழ்ப் பொண்ணுதானுங்க. சித்ரகலான்னு அவ பேரேதான் போட்டிருக்குது. அவளும் பாஸ்போர்ட்டுல அப்பா பேருதான வெச்சிருப்பா?" செல்லத்தாய் அப்போதுதான் கவனித்தாள். ஆமாம், அந்தப் பெண்ணின் முதுகில் அவள் பெயரேதான் இருந்தது. அவளுக்கு எப்படி முடிந்தது என்று யோசித்தாள், யோசித்து முடிப்பதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.

எழுபத்து நாலாவது நிமிசம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. சும்மா உருண்டு வந்த பந்து, குழந்தைகூட நிறுத்திவிடும், நாகஜோதியின் காலுக்கடியில் நழுவியது. பின்னாலேயே வந்த நேபாளப் பெண் அதை எடுத்துக்கொண்டு நேராகப் போய் வலைக்குள் அடித்தாள். ஹால் 'ஐயோ' என்றது. டிவிக்காரன் கத்தினான்: "பிக் மிஸ்டேக் பை காசிமாயன்! ஓ, காசிமாயன்!"

மிஸ்டேக் என்கிற வார்த்தை திருப்பூரில் யாருக்குத் தெரியாது? இருநூறு தலையும் ஒரே நேரத்தில் முன்வரிசைக்குத் திரும்பியது. காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டான். செல்லத்தாய்க்கு உள்ளே ஜிவ்வென்று ஒரு சந்தோசம் பொங்கியது. வாங்கிக்கோ! நல்லா வாங்கிக்கோ! கைதட்டு உனக்கென்றால் இதுவும் உனக்குத்தான்! கைவிடுவதில்தான் நீ கெட்டிக்காரனாச்சே! சத்தமாகவே சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த மதுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போது திரையில் நாகஜோதியின் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். முட்டிபோட்டு, கையால் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணிக்கொண்டிருந்தது. செல்லத்தாயின் சிரிப்பு நின்றுபோயிற்று. தவறவிட்டது அவனா? என் பிள்ளை. என் பிள்ளை தடுக்கி விழுந்ததற்கா நான் சிரித்தேன்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தப் பொறாமை என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பார் என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. கம்பெனியின் நேபாள வாட்ச்மேன் மட்டும் கதவோரம் நின்று கையை இரண்டு தட்டுத் தட்டினான், மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். செல்வக்குமார், "இத்தனை தூரம் போனதே பெருசுங்க" என்று சொல்லி, ஏற்கெனவே சொன்னபடியே இரண்டு சால்வையையும் போர்த்தினார். முதலில் செல்லத்தாய்க்குத்தான் போர்த்தினார். அவளுக்கு அது தோளில் பட்டதாகவே தெரியவில்லை. ஆட்கள் டீ டிரம்மைச் சுற்றிக் கூடினார்கள். காசிமாயன் யாரும் பேச்சுக் கொடுக்காமல் சுவரோரம் தனியாக நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி கழித்து செல்லத்தாயின் போன் அடித்தது. வீடியோ கால். நாகஜோதி ஏதோ ஒரு குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னாலதாம்மா. என்னாலதான் போச்சு."

"அழாதத்தா. பந்துன்னா நழுவத்தான் செய்யும்."

"அத்தனை பேரும் என்னைத்தான் சொல்றாங்கம்மா."

"உன்னை எங்கடி சொன்னாங்க? நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தாளு பேரைத்தானே சொன்னாங்க? மிஸ்டேக்கு அவன் மேலயே போகட்டும். உன் பேரு கெடல." தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். வேறு எப்படித் தேற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நாகஜோதி மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பேரை நான்தாம்மா கேட்டு வாங்கினேன்" என்றாள்.

"என்னது?"

"எந்தப் பேரு போடணும்னு மேனேஜர் மேடம் எல்லாரையும் கேட்டாங்க. சித்ரகலா அவ பேரைச் சொன்னா. நான் அப்பா பேரைச் சொன்னேன். டிவியில அந்தப் பேரு வந்தா அப்பா பாப்பாரு, பாத்தா வருவாருன்னு நெனச்சேன். உன்கிட்டச் சொன்னா உனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லலம்மா." கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனிக்கு வந்திருக்காராமே? மருதாள் அத்தை மெசேஜ் போட்டிருந்தாங்க. வந்தாராம்மா?"

ஒன்பது வருசம். சாப்பிட்டியா, தூங்கினியா, கால் வலிக்குதா என்று ஒரு நாள் விடாமல் கேட்டவள் இவள். பிள்ளை அத்தனை வருசமும் வாசலைப் பார்த்தது அவனுக்காக. இல்லை என்று ஒரு சொல் போதும். வந்தான், தோத்ததும் போயிட்டான் என்றால் அதோடு கதை முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல். "இரு" என்று மட்டும் சொன்னாள்.

சுவரோரம் போய் போனை நீட்டினாள். "புள்ள பேசணுங்குது."

காசிமாயன் டீயைக் கீழே வைத்தான். "நான் என்னத்தைப் பேச?" என்றான் பயந்துபோய். வாங்கின போனை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் அவளைக் கேட்டான். "சின்னப்புள்ளையில நான் அதை ஒரு பேரு சொல்லிக் கூப்புடுவேனே. ஆட்டோல முன்னால உக்கார வச்சுக்கிட்டு. என்னமோ வண்டு... என்ன பேரு அது, செல்லத்தாயி? வரமாட்டேங்குது."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாதா? அவன் போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வாய் தவறிச் சொன்னபோது, நாகஜோதி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் செல்லத்தாய் அதை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அவன் மறந்துவிட்டான். இப்போது அதை எடுத்துக் கொடுக்க இவள் ஒருத்திதான் இருக்கிறாள். இதையும் கேட்கிறான். இதையும் என்னிடமே கேட்கிறான்.

போனுக்குள்ளிருந்து, அவன் டி-சர்ட்டில் அமுங்கி, "அப்பா? அப்பா?" என்று சத்தம் வந்தது.

"சில்வண்டு" என்றாள் செல்லத்தாய்.

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "ஏ சில்வண்டு!" என்றான்.

திரையில் அந்த முகம் மாறியதை செல்லத்தாய் பக்கத்திலிருந்து பார்த்தாள். அழுகை நின்று, சிரிப்பு வந்து, சிரிப்புக்குள் மறுபடியும் அழுகை வந்து, பதினொரு வயசுப் பிள்ளை ஒன்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. அவளிடம் அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்ததே இல்லை. செல்லத்தாய்க்கு நெஞ்சு வெந்தது.

"மறக்கலியாப்பா?" என்றாள் நாகஜோதி.

"மறப்பனா?" என்றான் அவன்.

அவனுக்கு நேராகப் பிடிக்கத் தெரியாமல், போன் சாய்ந்து சாய்ந்து கூரையைக் காட்டியது. "முகம் தெரியலப்பா, நேராப் பிடிங்க" என்று பிள்ளை கெஞ்சியது. செல்லத்தாய் அவன் கையிலிருந்து போனை வாங்கி, எதிரில் போய் நின்று, அவன் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது போனின் பின்பக்கம்தான். "இன்னொரு தடவை கூப்பிடுங்கப்பா" என்று மகளின் குரல் கேட்டது. அவன் கூப்பிட்டான். அவள் கையை இறக்கவில்லை.